இறங்குவதற்கு ஒரு சொல்

பெரியவனே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது நாலைந்து வார்த்தைகள்தான். "அம்மா, கேதார்நாத் போனப்போ அங்கத்து ஜனங்க பேசறதெல்லாம் கத்துக்கினு வந்தியே, அத வாட்ஸப்புல போட்டு வுடு" என்றாய். ஆபீஸ் நண்பர்களோடு கார்வால் பக்கம் பனிமலைக் கணவாய் ஒன்றைத் தாண்டப் போகிறேன், வழியில் உதவும் என்றாய். அதோடு விட்டிருந்தால் நானும் அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டுச் சோறு வடிக்கப் போயிருப்பேன். போனை வைக்கும்போது சிரித்துக்கொண்டே, "நான் ஒன்ன மாதிரி பயந்துக்கினு பாதியில திரும்ப மாட்டேம்மா" என்றாயே, அதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். கோபமெல்லாம் இல்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டு இதைப் படிக்காதே. ரூமுக்குப் போய், முகம் கழுவி, உட்கார்ந்து படி.

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். நாங்கள் யாத்திரை போனபோது நீ கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தாய். குப்தகாசியில் நாங்கள் தங்கின லாட்ஜை ஒரு அம்மாள் நடத்திக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த இந்தி, டிவி பார்த்துப் பொறுக்கின இந்தி. அவளுக்குத் தெரிந்த தமிழ், சுத்தமாக ஒன்றுமில்லை. இருந்தாலும் அடுப்படியில் அவளோடு உட்கார்ந்து ரொட்டி தேய்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் காட்டிப் பேர் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்தவளுக்கு, கேட்டு வாங்குகிற வாய்ப்பு கிடைத்தால் விடுவாளா? உங்க நைனா வாசலில் நின்றுகொண்டு, "சாமி கும்பிட வந்தியா, பரீட்சை எழுத வந்தியா" என்று கிண்டல் பண்ணினார்.

அந்தப் பக்கம் பெரியவர்களை, வழிகாட்டுகிறவர்களை 'பைஜி' என்று கூப்பிடு. அண்ணன் என்று அர்த்தம். நீ பைஜி என்றால் அவர்கள் உன்னை 'புலா' என்பார்கள், தம்பி என்று. இந்த இரண்டு வார்த்தையும் ஸ்வெட்டரைவிடக் கதகதப்பானவை, கூச்சப்படாமல் சொல். மலை முதுகில் நீளமாகப் போகிற மேட்டுக்குப் பேர் 'தார்'. இரண்டு மலைக்கு நடுவே சரிந்து ஓடுகிற ஓடை 'கதேரா'. காலையில் செருப்பு நனையாமல் தாண்டின கதேரா மத்தியானம் வெயிலில் பனி உருகி இடுப்பளவு வந்துவிடும். அதனால் தாண்ட வேண்டியதைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள் என்றாள் அந்த அம்மாள். மரமெல்லாம் முடிந்து, மேலே புல் மட்டும் விரிந்து கிடக்கிற இடத்துக்கு 'புக்யால்' என்று பேர். போட்டோ எடுக்க உனக்குப் பிடிக்கும். ஆனால் புக்யால் வந்துவிட்டது என்றால் மரமே முளைக்காத உயரத்துக்கு வந்துவிட்டாய் என்று அர்த்தம், மரத்துக்கே ஆகாத இடத்தில் மனுஷன் கொஞ்சம் அடக்கமாக நடக்க வேண்டும். மெதுவாக என்பதற்கு 'மட்டு மட்டு' என்பார்கள். உன்னை யாராவது மட்டு மட்டு என்று சொன்னால், இந்த ஆள் நம்மைக் குறைவாக நினைத்துவிட்டான் என்று வேகத்தைக் கூட்டாதே. நீ கூட்டுவாய், எனக்குத் தெரியும்.

அப்புறம் 'தோடா'. இது எல்லா இந்தியிலும் இருக்கிற வார்த்தைதான், கொஞ்சம் என்று அர்த்தம். மலைக்காரர்கள் வாயில் அது வேறு. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் தோடா என்பார்கள், நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த பிறகு கேட்டாலும் தோடா என்பார்கள். திருமலைக்கு அலிபிரியில் படி ஏறும்போது சோடா விற்கிறவர் "இங்கதான் சாமி, வந்துட்டீங்க" என்று சொல்வாரே, அந்தக் குடும்பத்து வார்த்தை. பொய் இல்லை, ஆறுதல். ஆறுதலை வைத்துத் தண்ணீரைக் கணக்குப் போடாதே.

கடைசியாக இரண்டு வார்த்தை பாக்கி. ஏற்றத்துக்கு 'உகாள்'. இறக்கத்துக்கு 'உந்தார்'. உகாள் உனக்கு வேண்டாம். ஏறுவதற்கு நம் குடும்பத்தில் யாருக்கும் வார்த்தை தேவைப்பட்டதில்லை. உந்தாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நாம் மலை ஏறுகிற விதத்தை நினைத்துப் பார். உனக்கு மொட்டை போட்ட வயசிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியும் நகரியிலிருந்து பஸ் பிடித்துப் போய், அலிபிரியில் கற்பூரம் ஏற்றி, கோவிந்தா என்று தொடங்கினால் மேலே போய்த்தான் நிற்போம். தரிசனம் முடிந்து, லட்டு வாங்கி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பஸ்ஸில் இறங்குவோம். நடந்து இறங்கியிருக்கிறோமா? நம்மோடு ஏறினவர்களில் எவராவது பாதியில் திரும்பி நடந்து வந்து நீ பார்த்திருக்கிறாயா? கால் வலிக்கிறது என்றால் பக்கத்தில் போகிறவர் கோவிந்தா சொல்லு என்பார். மூச்சு வாங்குகிறது என்றால் இன்னும் உரக்கச் சொல்லு என்பார். முழங்கால் முறிச்சான் என்கிற செங்குத்துப் படியில் கையை ஊன்றி, முட்டியை ஊன்றி ஏறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் படியில் கடை உண்டு, கூரை உண்டு, கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு, மூச்சு விடக் காற்று உண்டு. அங்கே பிடிவாதம் பக்தி. மலை என்றால் திரும்பக் கூடாத இடம் என்று நம் கால் பழகிவிட்டது. அந்தக் காலோடுதான் நாங்கள் கேதார்நாத் போனோம், அந்தக் காலோடுதான் இப்போது நீ போகிறாய்.

போன புரட்டாசியில் நீ காய்ச்சலோடு ஏறினது ஞாபகம் இருக்கிறதா? பாதி வழியில் இருக்கிற காலி கோபுரத்தில் உன் கையைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. என்னடா என்றால் "ஒண்ணுமில்லமா, வெயிலு" என்றாய். வானம் மூடிக்கொண்டிருந்தது. மேலே போய் ஆஸ்பத்திரியில் படுத்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டபோது உங்க நைனா உன் பக்கத்தில் உட்கார்ந்து, "இருந்தாலும் ஏறிட்டான் பாரு" என்று நர்ஸம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். நீயும் படுத்த வாக்கில் சிரித்தாய். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

இப்போது கேதார்நாத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீ இத்தனை வருஷமாகக் கேட்டது உங்க நைனா சொல்கிற கதை. கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் அதை எப்படிச் சொல்வார் என்று உனக்கு மனப்பாடம்: கோயில் கைக்கெட்டுகிற தூரம், பனி மின்னுகிறது, மணிச் சத்தம் கேட்கிறது, "இவ பயந்துக்கினு என்ன எறக்கிக்கினு வந்துட்டா". எல்லோரும் சிரிப்பார்கள், நான் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றுவேன்.

நடந்தது வேறு. மலைப்பாதை தொடங்குகிற கௌரிகுண்டில் காலையில் நடக்கத் தொடங்கினோம். நாங்கள் நகரி, புத்தூர் ஆட்கள் ஒரு கும்பல். உன் பெரிய அத்தைக்கு முட்டி வலி என்பதால் கண்டியில் வந்தாள். கண்டி என்றால் முதுகில் மாட்டுகிற பிரம்புக் கூடை, ஆளை உட்கார வைத்துச் சுமப்பார்கள். உங்க நைனாவுக்குக் குதிரையும் வேண்டாம், கூடையும் வேண்டாம். "திருமலையே ஏறுன காலு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனார். பாதி வழி தாண்டின பிறகு அவர் முன்னால் இல்லை. எனக்குப் பக்கத்தில் வந்தார், அப்புறம் எனக்குப் பின்னால் வந்தார். கேட்டால் காட்சி பார்த்துக்கொண்டு வருகிறாராம். லிஞ்சோலி என்கிற இடத்துக்கு மேலே ஒரு டீக்கடையில் பூரி கொடுத்தார்கள். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். பூரித் தட்டைத் தள்ளுகிற மனுஷனா அவர்? முகத்தைப் பார்த்தேன், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றார், குடித்தவர் மாதிரி ஆடினார். பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப அமைதியாகக் கேட்டார்:

"தறி சத்தமே கேக்கல. கரென்ட்டு பூட்ச்சா?"

நகரியில் நம் வீட்டுப் பின்கட்டில் ஓடுகிற தறியை, அந்தப் பனிமலையில் நின்றுகொண்டு தேடினார். அந்தக் கேள்வியைக் கேட்ட நொடி மாதிரி நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. பயந்தேன் என்று அவர் சொல்வதில் அந்த மட்டும் உண்மை இருக்கிறது.

லாட்ஜ் அம்மாள் எனக்கு ஒன்று சொல்லியிருந்தாள். உயரத்தில் சிலருக்கு இப்படி வரும், பழைய ஆட்கள் அதை 'பிஷ் கீ ஹவா' என்பார்கள், விஷக் காற்று. விஷமும் இல்லை ஒன்றும் இல்லை, காற்று மெலிந்து போவதால் வருவதுதான். தலை வலிக்கும், வாந்தி வரும், கால் தள்ளாடும், பேச்சு குழறும். மாத்திரை, டீ, படுத்துக்கொள்வது எதையும் நம்பாதே, கீழே இறக்கு என்றிருந்தாள். அந்தச் சமயம் உன் அத்தையின் கண்டி வந்து சேர்ந்தது. அக்கா, இறங்குங்கள், இவர் அதில் போக வேண்டும் என்றேன். அவள் தம்பியைப் பார்த்தாள், அவளுக்கும் கலக்கம்தான். ஆனால் அவள் காலும் நம் கால்தானே.

"வேண்டிக்கினு வந்துட்டு பாதியில திரும்பறதா? கோயிலு தோ தெரியப் போவுது. கோவிந்தான்னு சொல்லுடா, ஏறிடலாம்" என்றாள்.

அவரும் கோவிந்தா என்றார். நாக்கு புரளவில்லை.

நான் அத்தையின் கையைப் பிடித்து இறக்கினேன். பிடித்து என்று மரியாதைக்கு எழுதுகிறேன், இழுத்துத்தான் இறக்கி, நம் ஊர் ஆட்களிடம் விட்டேன். இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சொல்லிக் காட்டுகிறாள். உங்க நைனாவைக் கூடையில் உட்கார வைத்துக் கயிற்றைக் கட்டினதும், தூக்கினவர் எழுந்து மேலே பார்த்து நடந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆளை ஏற்றினால் கோயிலுக்கு என்றுதான் அந்தப் பாதையில் அர்த்தம். நான் கூடையைப் பிடித்து நிறுத்தினேன். பயத்தில் இந்தி மொத்தமும் ஓடிவிட்டது, தமிழ்கூடச் சரியாக வரவில்லை. ரொட்டி தேய்த்துக்கொண்டு கற்ற ஒரு வார்த்தை மட்டும் நின்றது.

"பைஜி, உந்தார்."

"உந்தார்?" என்று திரும்பிக் கேட்டார்.

"உந்தார்" என்றேன்.

அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், திரும்பினார். ஏறி வருகிற கூட்டம் முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டே வழி விட்டது. இறங்க இறங்க உங்க நைனா உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வந்தது. மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு கடையில் நிறுத்தினோம். உங்க நைனா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, "துன்ன இன்னா கீது?" என்று கேட்டார். அங்கேதான் நான் அழுதேன். அதுவரை அழவில்லை. அழுதுகொண்டே அவருக்குப் பூரி வாங்கிக் கொடுத்தேன், நாலு தின்றார்.

ஊருக்கு வந்த பிறகு அவர் முகமே சரியில்லை. பார்க்க வருகிறவர்கள் தரிசனம் எப்படி என்று கேட்பார்கள், அவர் தறிப் பக்கம் எழுந்து போய்விடுவார். ஒரு நாள் யாரோ கேட்டபோது "இவ பயந்துட்டா" என்று சொல்லிச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். சரி, இந்த விலைக்கு இவர் நிமிர்ந்து நடந்தால் லாபம்தான் என்று நான் வாயைத் திறக்கவில்லை. என் பேர் கெட்டுப் போனதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அன்றைக்கு என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை அந்த டீக்கடையில் நின்றாலும், கோயில் கதவே எதிரில் இருந்தாலும், அதைத்தான் செய்வேன். ஆனால் அந்தக் கதையை நம்பிக்கொண்டு என் பிள்ளை பனிமலைக்குப் போவதென்றால் அதற்கு நான் ஆள் இல்லை. கட்டினவருக்குக் கொடுத்த சலுகை பெற்ற பிள்ளையின் உயிரைத் தொடக் கூடாது.

அதனால் தைரியமாகப் போய் வா. போகாதே என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நல்ல ஷூ வாங்கு, மலிவு பார்க்காதே. எலும்பு முறிந்தால் புத்தூர் இருக்கிறது, கட்டுப் போட்டு எழுப்பிவிடுவார்கள். உயரம் பிடித்துக்கொண்டால் அதற்குப் புத்தூரிலும் கட்டு இல்லை. இன்றைக்கு ஏறினது போதும் என்று பைஜி சொன்னால் அன்றைக்குக் கூடாரத்தில் கிட. தலை வலித்தால் வெயில் என்று சொல்லாதே. உன்னோடு வருகிற நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், எவன் தட்டைத் தள்ளுகிறான் என்று கவனியுங்கள். எவனுக்காவது வந்துவிட்டால் கூச்சப்படாமல் அவனைப் பிடித்து இறக்கு. உனக்கு வந்தால் யாராவது பார்த்துச் சொல்வார்கள், அப்போது மட்டும் எதிர்த்துப் பேசாதே.

இதோடு கடிதத்தை முடித்து, உங்க நைனாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கதையை உடைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாமல் அனுப்புவது நியாயமில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். படித்து முடித்துப் போய்த் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எழுதுனதெல்லாம் சரிதான். கடைசியில மட்டும் தப்பா எழுதிக்கிற" என்றார். என்ன தப்பு என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யாராவது பாத்து சொல்லுவாங்கன்னு எழுதிக்கிற இல்ல, அது வாணாம். எனக்கு அந்தக் கடைக்கு ரொம்ப மின்னாடியே தலை வெட்டு வெட்டுன்னு வெட்டுச்சு. எறங்கலாம்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினே ஏறுனேன். நானா சொல்ல வாய் வரல. ஒருத்தரும் பாக்கல. நீ கூட அந்தப் பூரியிலதான் பாத்த. அவன்கூட யாரு கீறா? அவனையே சொல்ல சொல்லு."

இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாது. அந்த ஏற்றம் முழுவதும் அவர் என் முகத்தையும் பார்த்திருக்கிறார், நான் மலையைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லப் பழக்கமில்லாத பிள்ளை அங்கே போய்த் திடீரென்று எப்படிச் சொல்வான் என்று கேட்டேன்.

"சனிக்கிழமை வரச் சொல்லு. அலிபிரியில ஏறி, காலி கோபுரம் வரைக்கும் போலாம். அங்கிருந்து திரும்பி நடந்தே எறங்கலாம், மூணு பேரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறும்போது நாம் மட்டும் எதிரில் இறங்கினால் பார்க்கிறவர்களெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்களே, இன்னா ஆச்சு, ஏன் எறங்கறீங்கன்னு, என்ன சொல்வது என்றேன். நான் பயந்துவிட்டேன் என்றா?

"இல்ல. கேக்கறவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றார். "எனக்கு முடியலன்னு."

பெருமாள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் அலிபிரிக்கு வந்துவிடு. சாப்பிடாமல் வா, இட்லி கொண்டு வருகிறேன்.

அம்மா